பேர் வெட்டு

காட்சிக்கு வைத்த வீட்டுக்கு உள்தாழ் எதற்கு என்று சங்கையாவுக்குப் புரியவில்லை. ஆறாம் நம்பர் கதவைத் தள்ளினார், திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளியபோது, உள்ளே யாரோ தோளைக் கொடுத்து நிற்பதுபோல, கதவு ஒரு விரற்கடை பின்வாங்கி மறுபடி முன்னால் வந்தது.

“பூட்டியா கெடக்கு?”

“பூட்டே கெடையாதுப்பா. மழைக்குப் பலக ஊதிருக்கும்” என்றாள் மகள் தமிழ்ப்ரியா. “டிக்கெட் எடுத்து சொந்த வீட்டப் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்.”

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மாட்டுப்பட்டி போகிற ரோட்டோரம், பழைய தோட்டத்து லயம் ஒன்றை, ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாய்ப் பத்து வீடு, அப்படியே பெயர்த்துவந்து மியூசியம் ஆக்கியிருந்தார்கள். அந்த ஆறாம் நம்பரில்தான் சங்கையா முப்பத்திரண்டு வருஷம் குடியிருந்தார். ரிட்டையரான மறுமாசமே சட்டி பானையை வெளியே வைக்கச் சொன்னார்கள். இன்றைக்கு அதே கரிச்சுவரை யாரும் தொட்டுவிடாமல் கயிறு கட்டிக் காக்கிறார்கள். மனுஷன் இருந்தபோது ஒழுகிய கூரைக்கு, மனுஷன் போனபின் புதுத் தகரம். பி.காம். முடித்த மகளுக்கு இங்கே கைடு வேலை. போன திங்கட்கிழமை சேர்ந்தாள். அவளைக் கையோடு கூட்டிப்போய்விடத்தான் அவர் வந்திருந்தார்.

மணி நாலுகூட ஆகவில்லை. தேயிலைச் சரிவிலிருந்து பனிமஞ்சு ஏறிவந்து ஒவ்வொரு தூணாக விழுங்கிக்கொண்டிருந்தது. நனைந்த கம்பளியின் வாடையும், மண்ணெண்ணெய் வாடையும், அடுப்பே மூட்டாத இந்த இடத்தில் ஈரவிறகு புகையும் வாடையும் எங்கிருந்தோ வந்து அவர் மூக்கில் ஏறின.

டிக்கெட் கொடுக்கும் ஜோமோள் குடையோடு வந்து எட்டிப்பார்த்தாள். “ப்ரியா, மஞ்சு எறங்குது. அப்பாவ வேகம் கூட்டிட்டு வா. வர்றவங்களுக்குப் போடுற பெரட்டு டேப்பு ரெண்டு நாளா கேடாயிக் கெடக்கு, கேட்டோ. அதுக்காக நிக்க வேண்டா.”

பெரட்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் சங்கையாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. விடியலில் ஆட்களை வரிசையாய் நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் “வெட்டு” என்பார். பேரின் மேல் ஒரு கோடு விழும். பேர் போனால் வேலை போச்சு, வேலை போனால் வீடு போச்சு. அதனால் காய்ச்சலில் கிடக்கிறவளுக்காகப் புருஷனோ தாயோ “வந்தாச்சுங்க” என்று குரல் கொடுப்பது லயத்து வழக்கம். ஆனால் குரல் கொடுத்தபின் ஆள் வந்தே தீரவேண்டும். பெண்சாதி சுடலைவடிவு படுக்கையோடு கிடந்த மூன்று நாளும் சங்கையா குரல் கொடுத்தார். மூன்றாம் நாள் அவளைக் கைத்தாங்கலாய் மலைக்கு நடத்திப்போனதும் அவர்தான். பத்து மணிக்கு அவள் தேயிலைத் தூரிலேயே சரிந்து உயிரை விட்டாள்.

அன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு நாலு வயசு. இவள் பேரை எந்தக் கங்காணியும் கூப்பிடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தார்.

“இங்க பாருங்கப்பா. செக்ரோலு. பெரட்டுல நீங்க ரேகை வச்ச பேர்ப் புத்தகம்” என்று மகள் வராந்தாவில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

நாற்பத்தாறு வயசில் எழுத்துப் படித்தவர். விரலால் கண்ணாடியைத் தடவி எழுத்துக் கூட்டினார். சு-ட-லை-வ-டி-வு. பேருக்கு நேரே கட்டம் கட்டமாய் வந்ததற்கான கோடு. விட்டுப்போகாமல். மேலே தேதியைப் பார்த்தார். இந்த மாசம். கடைசிக் கோடு இன்றைக்கு. மை இன்னும் மினுங்கியது.

கீழே புதுசாக ஒரு பேர். தமிழ்ப்ரியா. அதன் கட்டம் காலி.

“இது யாரு எழுதினது?”

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு போயிற்று. “காலையில இல்லியேப்பா.”

“வா பிள்ள, போவோம். இந்த வேல வேண்டாம்.”

“சும்மா பேசுற வேலதானப்பா...”

“சும்மா பேசுறதுக்கு இவனுக ஆள் வைக்க மாட்டானுக. நட.”

அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு கேட் இருக்கும் பக்கமாய் இறங்கினார். பத்தடியில் ரோடு காணாமல் போனது. ஜோமோளின் குடையும் இல்லை. மஞ்சுக்குள் எங்கோ ஒருவர் காறித் துப்பினார். அந்தச் செருமல் அவருக்குத் தெரியும். சுவக்கீன் கங்காணி. செத்துப் பத்து வருஷம்.

“தனபாலு.”

“வந்தாச்சுங்க.”

“ராசம்மா.”

“வந்தாச்சுங்க.”

குரலெல்லாம் இடது பக்கமிருந்து வந்தன. வரிசையாக. ஈரத்தில் வெறுங்கால்கள் மாற்றி மாற்றி மிதிக்கும் சத்தம்.

“சுடலைவடிவு.”

“வந்தாச்சுங்க.”

அது ஆண் குரல். அவருடைய குரல். இருபது வருஷத்துக்கு முந்திய குரல்.

“அப்பா, கை வலிக்கி” என்றாள் மகள்.

“பேசாத. என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத.”

“தமிழ்ப்ரியா.”

பல்லைக் கடித்தார். அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கினார்.

“தமிழ்ப்ரியா.”

நடந்தார். கல் இடறியது. கேட் வரவில்லை. கரிச்சுவர்தான் வந்தது. ஆறாம் நம்பர். கதவு இப்போது திறந்திருந்தது.

“தமிழ்ப்ரியா...”

மூன்று.

“ஆளக் காணும். வெட்டிரவா?”

பேனா கீறும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். அது வரவில்லை. தேயிலைச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம் வந்தது. சர். சர். பக்கத்தில். அவள் கழுத்துக்குப் பக்கத்தில்.

வாய் அவரைக் கேட்கவில்லை.

“வந்தாச்சுங்க!”

கத்தி நின்றது.

கைக்குள் மணிக்கட்டு இல்லை.

“பிள்ள?”

மஞ்சு கொஞ்சம் விலகியது. சரிவில் முதுகு காட்டி நின்ற வரிசை. கடைசியில் அவள். ஒருநாளும் தேயிலைத் தூரைத் தொடாத பிள்ளை. தொழில் தெரிந்தவளின் வேகத்தில் இரண்டு கையும் தன் தலைக்கே போய்ப் போய் வந்தன. கிள்ளினாள். வேரோடு. ஒரு கொத்து முடி. தோளுக்குப் பின்னால் எறிந்தாள். மறுபடி கிள்ளினாள். பாதித் தலை வெறும் சிவப்பு. முதுகில் கூடை இல்லை.

எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.