அர்தியாவுக்குரிய கிண்ணம்

முப்பத்தோராம் நாள் உச்சிப்பொழுதில் எங்கள் வண்டி பதாகனின் பாளையத்தை அடைந்தது. பனி உருகிய புல்வெளியெங்கும் ஈர மண்ணின் வாடை. நாய்கள் குரைத்தன. பெண்கள் கொதிக்கும் கொப்பரையிலிருந்து குதிரை இறைச்சியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான வரவேற்புதான். இறந்தவரை நாற்பது நாள் உறவினரின் பாளையம்தோறும் கொண்டு சென்று, உணவு படைத்து, அதன்பின் புதைப்பது எங்கள் முறை.

வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் அர்தியா. உடலெங்கும் மெழுகு, வயிற்றில் சோம்பும் நறும்பிசினும். என்னோடு ஒரே குதிரையில் ஏறிப் பழகியவள். நாணற்காட்டுச் சண்டையில் என் கண்ணெதிரே மாண்டவள். வயது பத்தொன்பது.

பதாகனின் மனைவி ஸாமா இறைச்சித் துண்டை அவள் மடியருகே வைத்தாள்.

"சாப்பிடு தாயி, எம்புட்டு தூரம் வந்திருக்கே."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே எங்க கோசகனைக் கட்டிக்கப் போறவ? உன் கடிவாளத்துல தொங்குறதைப் பார்த்தேன். பெரிய கைகாரிதான்! அவன் குறட்டை விட்டா அவனையும் அம்பால அடிச்சுடாதேடி!"

பெண்கள் சிரித்தார்கள். வண்டிக்குப் பின்னால் குதிரையில் வந்த கோசகனின் முகம் சிவந்தது.

என் கடிவாளத்தில் தொங்கியது ஒரு பகைவனின் தலைத்தோல்.

பகைவன் ஒருவனைக் கொன்றால்தான் எங்கள் பெண்ணுக்குத் திருமணம். கொன்றவளுக்குத்தான் குழியில் வில். என்ன நீதி இது? ஒருத்தி தாயாக வேண்டுமென்றால் இன்னொரு தாயின் மகன் பிணமாக வேண்டுமாம்! இதைக் கேட்க அன்று என் நா எழவில்லை. கேட்க வேண்டியவள், திருடினேன்.

அந்தப் பகைவனை வீழ்த்தியது அர்தியாவின் அம்பு. மறுநொடியே அவன் எறிந்திருந்த ஈட்டி பாய்ந்து அவளும் சாய்ந்தாள். நாணலுக்குள் வேறு எவரும் இல்லை. குனிந்தேன், அறுத்தேன், என் கடிவாளத்தில் கட்டினேன். அவளோ எவரையும் கொல்லாதவள் என்ற பெயரோடு, வில் இல்லாமல் மண்ணுக்குள் போகவிருந்தாள். இன்னும் ஒன்பது நாளில் அவளுக்குக் குழி. அதற்கு மறுநாள் எனக்கு மணம்.

பதாகன் பெரிய கலத்தில் மதுவைக் கலந்தான். பகைவனைக் கொன்றவருக்கு மட்டுமே அந்த மது. முதல் கிண்ணம் என்னிடம் வந்தது.

முப்பது பாளையங்களில் முப்பது கிண்ணங்கள் வாங்கியிருந்தேன். நிறையத்தான் ஊற்றினார்கள். உதட்டருகே கொண்டுபோனபோது எதிலும் ஒரு துளிகூட இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் விழுங்கியதுபோல் நடித்து, வாயைத் துடைத்துக்கொண்டேன்.

கிண்ணத்தை உயர்த்தினேன்.

சிவந்த மது விளிம்பில் தளும்பியது.

உதட்டில் பட்டது வெறும் மரக்கிண்ணம்.

காற்று நின்றது. நாய்கள் ஒவ்வொன்றாக வாய் மூடின. வண்டியிலிருந்து எழுந்த சோம்பின் மணம் மெல்ல ஊர்ந்து வந்து என் மூச்சை அடைத்தது.

ஸாமா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க... இந்தப் பொண்ணு உதடு ஈரமா இருக்கு."

மெழுகு வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து சிவப்பாக ஒரு கோடு மோவாயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

பதாகன் என் கிண்ணத்தை மறுபடி நிரப்பினான்.

"என் கண்ணு முன்னால குடி."

மிடறு விழுங்கும் ஓசை கேட்டது.

அது என் தொண்டையிலிருந்து வரவில்லை.

"நான் கொல்லல மாமா!" கிண்ணம் கை நழுவியது. "அவதான் கொன்னா. நான் அறுத்து எடுத்துக்கிட்டேன்!"

கோசகன் குதிரையிலிருந்து இறங்கினான்.

"முப்பது எடத்துல பொய் சொன்னியா? எங்க அம்மாகிட்டயுமா?"

"உனக்காகத்தான்..."

"என் தலையில போடாதே."

பதாகன் தலைத்தோலை அவிழ்த்து அர்தியாவின் மடியில் வைத்தான். தன் வில்லையே அவள் பக்கத்தில் சாத்தினான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்:

"இவ ஒருத்தனைக் கொன்னுட்டு வரட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்."

என் பொய் உடைந்தது. அந்தக் கொடிய வழக்கம் உடையவில்லை!

ஒன்பதாம் நாள் அவளை வில்லோடு புதைத்தோம். மண்மேடு எழுப்பினோம். எல்லாம் தீர்ந்தது என்றார்கள்.

அடுத்த வசந்தத்தில் எதிரிகள் ஆற்றைக் கடந்து வந்தார்கள். கோசகன் என்னை மணக்க இன்னும் காத்திருந்தான். முப்பதடி தொலைவில் ஒரு பகைவன், தனியாக. நாணை இழுத்தேன். விடுவதற்குள் அவன் சரிந்தான்.

நம்மவர் எவரோ அடித்திருப்பார் என்று நினைத்தேன். மறு வசந்தத்திலும் அப்படியே நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வசந்தத்துக்குப்பின் கோசகன் வேறொருத்தியை மணந்தான்.

நேற்று நான்காம் முறை. பள்ளத்தாக்கில் நானும் ஒரு பகைவனும் மட்டுமே. குறி பார்த்தேன்.

என் காதருகே ஒரு நாண் அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். புல் மட்டுமே அசைந்தது. விழுந்தவனின் கழுத்தில் ஓர் அம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

என் அம்பு நாணிலேயே இருந்தது.