கழுத்தில் குத்திய முகம்

பிளாஸ்டர் அச்சு ஆறவே இல்லை. கலந்து ஊற்றியதும் பிளாஸ்டர் சூடாகும், இறுகிய பிறகு தானாகக் குளிர்ந்துவிடும். இத்தனை வருடமாக வீட்டின் பின்னறையில் பல்செட் செய்து கொடுப்பவளுக்கு அது கை அறிந்த விஷயம். காலையில் ஊற்றியதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து தொட்டாள். அந்த வெள்ளை வில்லை காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல இன்னும் கதகதத்துக்கொண்டிருந்தது.

அது பல் அச்சு அல்ல. கணவர் முந்தின நாள் வாங்கி வந்த வெள்ளிக் காசின் அச்சு. மேல்முத்திரை குத்திய காசுகளை மட்டுமே அவர் சேகரித்தார். காலனிக் காலத்தில் ஓர் ஊரைப் பிடித்த அரசு, அங்கே ஏற்கெனவே புழங்கிய வேறொரு ராஜாவின் காசை உருக்கி அடிக்காமல், அதன் மேலேயே தன் சின்னத்தைக் குத்தி, இனி இது எங்களுடையது என்று புழங்க விட்டுவிடும். பளபளக்கும் வெள்ளியில் அந்தச் சின்னம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் அவளிடம் அச்சு எடுத்துத் தரச் சொல்வார்.

"பழைய ராஜா தலை அப்படியேதான் இருக்கும், மேஸ்திரி. உத்தரவு மட்டும் புது ஆளோடது." பிளாஸ்டர் குழைப்பதால் அவளுக்கு அந்தப் பட்டம்.

"நம்ம வீடு மாதிரியா?"

"சத்தமா சொல்லாத. வெளியில எனக்கும் ஒரு மரியாதை இருக்கு."

அவருடைய இன்னொரு பழக்கம்தான் அவளுக்குப் பிடிக்காது. புதிதாக ஒரு காசு கிடைத்தால் வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்தி, முத்திரையின் மேடு பள்ளங்களைத் துழாவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பும் தேய்மானம் நாக்குக்குத் தப்பாதாம்.

"எத்தனை பேர் கைபட்ட சனியனோ. கழுவிட்டாவது போட்டுக்கங்களேன்."

"கழுவினா அதோட வயசே போயிடும்டி."

இந்தக் காசில் ராஜாவின் தொண்டையில், பாசிமணி அளவுக்கு ஒரு முகம் குத்தியிருந்தது. எந்த அரசின் சின்னம் என்று அவருக்கே தெரியவில்லை. மூடிய கண்கள், மூடிய வாய். அவள் ஆறாத அச்சை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். வெளியே மழை பிடித்திருந்தது; ஈரச் சுண்ணாம்பு வாசமும் உருகிய மெழுகின் வாசமும் அறையில் தேங்கியிருக்க, சாம்பல் நிற வெளிச்சத்தில் அந்தச் சின்ன முகத்தின் இமைகளுக்கு நடுவே மயிரிழை போல ஓர் இடைவெளி தெரிந்தது.

காற்றுக் குமிழாக இருக்கும் என்று நினைத்தாள். தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றி இன்னோர் அச்சு எடுத்தால் சரியாகிவிடும். அதற்குக் காசு வேண்டும். காசு அவர் வாயில் இருந்தது. பக்கத்து அறையில் அது பல்லில் மோதும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. டிக். டிக். கூடவே நாக்கு புரளும் ஈரச் சத்தம். வாயில் கோலியை உருட்டும் குழந்தையின் வேலை என்று முதலில் சிரித்தவளுக்கு, போகப் போக எரிச்சலாகி, அப்புறம் அந்தச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தபோது எரிச்சல் போய் வேறு ஏதோ வந்தது.

"என்னங்க, காசக் குடுங்க. இன்னொரு தடவ எடுக்கணும்."

அவர் வந்து கதவருகே நின்று உள்ளங்கையை விரித்தார். எச்சில் ஈரத்தோடு காசு. எடுத்துத் துடைத்தாள். ராஜாவின் தொண்டை வழுவழுவென்று இருந்தது. முத்திரையைக் காணோம். காசைத் திருப்பினாள். உண்மையாகக் குத்தியதென்றால் பின்பக்கம் அதே இடம் தட்டையாகும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். தட்டை அப்படியே இருந்தது. குத்தியது உண்மை. குத்திய முகம்தான் இல்லை.

"இது நேத்து வாங்கின காசுதானா?"

"வாய்க்குள்ள மேல வலிக்குது." உதடு சரியாக அசையாமல் சொன்னார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, அடுப்பு, வரிசையாக உட்கார்ந்திருந்த பல் அச்சுகள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் போல. "இந்த வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"ஆமா, ஊரே இருக்கு. விளையாடாதீங்க."

அவர் சிரிக்கவில்லை.

வீக்கமாக இருந்தால் பல் டாக்டரிடம் காட்டலாம். பயந்தால் அவள் கைக்குத் தெரிந்த வேலையைத்தான் அவள் செய்வாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அச்சு மாவைக் குழைத்து, வாய்க்குள் வைக்கும் அச்சுத் தட்டில் நிரப்பி, அவர் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினாள். பல் துலக்கும் பிரஷ் உள்ளே போனாலே குமட்டுகிற மனிதர். அசையாமல் இருந்தார். மூக்கு வழியாக வந்த மூச்சில் ஈர இரும்பின் வாடை.

தட்டின் அடியில் ஏதோ துடித்தது.

கட்டைவிரலுக்கு நேர் மேலே. மாவுக்கு அந்தப் பக்கம். நின்றது. மறுபடி துடித்தது. கைக்குள் பொத்திய பூச்சி போல.

தட்டை இழுத்தாள். வளைந்திருந்த அவருடைய கடைவாய்ப் பல்லின் தடம். அவளுக்குப் பழகிய தடம். நடுவில், அண்ணம் இருந்த இடத்தில், ஒரு முகத்தின் குழி. பாசிமணி அளவு இல்லை. புளியங்கொட்டையை விடப் பெரிது.

"என்னங்க."

அவர் அவளைப் பார்த்தார். கண்கள் நிரம்பி வழிந்தன. அந்தக் கண்கள் அவருடையவைதான். அவளை அடையாளம் தெரிந்த கண்கள். ஏதோ சொல்ல முயன்றன. கை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"இருங்க. நான் இங்கதான் இருக்கேன். வாயத் திறங்க."

திறந்தார். டார்ச்சை அடித்தாள்.

நாக்கு கீழே கிடந்தது. அசைவே இல்லை. ஆனாலும் குரல் வந்தது. அவர் குரல்தான். நிதானமாக.

"கைய எடுக்கச் சொல்லு அவன."

முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் அந்தக் கையைப் பற்றினாள். குளிர்ந்திருந்தது. வெளிச்சத்தை உள்ளே சாய்த்தாள். இளஞ்சிவப்பு அண்ணத்தில், சதையிலேயே குத்தியது போல, முகம். வெளிச்சம் கூசி அதன் இமைகள் சுருங்கின.

மேலே அவருடைய கண்கள், அவளைப் பார்த்தபடியே, மெல்ல மூடின.

கீழே, வெளிச்சம் பழகிப்போய், அந்தச் சின்ன இமைகள் திறந்தன.