பதினேழாம் நம்பர் கோட்டு

மகள் வேலைக்குச் சேர வந்தபோது காலை எட்டு மணி. அருவிக்குப் பின்னால் போகும் குகைப்பாதையின் வாசலில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சுவரை அடைத்து ஒரு பலகை. அதில் நாற்பது ஆணி, ஆணிக்கு ஒன்றாக நாற்பது மஞ்சள் மழைக்கோட்டு. முதுகில் கறுப்புப் பெயிண்டில் நம்பர். தலையைச் சுற்ற வைக்கும் ரப்பர் நாற்றம்.

"வேலை இவ்வளவுதான்," என்றார் அவள் அப்பா. இருபத்தெட்டு வருஷமாக எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர். இன்று கடைசி நாள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. "வர்றவங்களுக்குக் கோட்டு குடு. திரும்பி வந்ததும் வாங்கி அதே ஆணியில மாட்டு. சாயங்காலம் ஆணி எல்லாம் நிறைஞ்சாலும் நம்பாதே. உள்ளே வளைவு வரைக்கும் போய் மூணு தடவை குரல் குடு. அப்புறம்தான் குகை கேட்டைப் பூட்டணும்."

"பலகை நிறைஞ்சா எல்லாரும் வந்தாச்சுன்னுதானே அர்த்தம்?"

"பலகை பொய் சொல்லும்மா."

அவள் கோட்டுகளைத் தடவிக்கொண்டே போனாள். பதினேழில் கை நின்றது. எல்லாம் காய்ந்திருக்க, அது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதை யாருக்கும் குடுக்காதே," என்றார் அவர்.

அதற்குள் ரேடியோ முதல் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். ரேடியோ என்பது சுற்றிக்காட்டுகிறவனின் பட்டப்பெயர். காதைப் பொத்தினாலும் நிற்காது. இந்த அருவியின் சரித்திரம் முழுக்க அவன் நாக்கில். தகரப் பீப்பாய்க்குள் ஒரு ஆட்டோடு உட்கார்ந்து குதித்தவன். ஆடு பிழைத்தது, ஆள் போனான். அருவிக்குக் குறுக்கே கட்டிய கயிற்றின் நடுவில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்ட சர்க்கஸ்காரி. தன் கல்யாணத்துக்குச் சாயம் கொட்டி அருவியையே சிவப்பாக விழவைத்த பணக்காரன்.

"இந்தப் பதினேழு இருக்கே, அந்தப் பீப்பாய்க்காரனோட கோட்டு! இன்னிக்கும் காயலை, தொட்டுப் பாருங்க!"

கூட்டம் தொட்டது, கூச்சலிட்டது, படம் எடுத்துக்கொண்டது.

"அண்ணே, உங்க கோட்டுதான் என் கதையிலேயே பெரிய ஹிட்டு," என்று கண்ணடித்தான் ரேடியோ.

"வாயை மூடிட்டு கூட்டத்தைக் கூட்டிட்டுப் போடா," என்றார் கோட்டுக்காரர். பீப்பாய்க்காரன் காலத்தில் மழைக்கோட்டு ஏது? ஆனால் உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசி ஆளும் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். பலகை நிறைந்தது.

"நீங்க உக்காருங்கப்பா. குரல் நான் குடுத்துட்டு வர்றேன்," என்று மகள் உள்ளே போனாள்.

அவருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

உள்ளேயிருந்து அவள் குரல், அருவி இரைச்சலுக்கு மேல். "உள்ளே யாராவது இருக்கீங்களா? கேட்டைப் பூட்டப் போறேன்!"

இரண்டாம் முறையும் கேட்டது.

மூன்றாம் முறை கேட்கவில்லை.

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். ஈரக் காற்று முகத்தில் அடித்தது. அதில் பாசி வாடை. பாசிக்கு அடியில் வேறொரு வாடை.

மகள் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள்.

"ஒருத்தர் இருக்கார்ப்பா. வளைவுக்கு அந்தப் பக்கம், சொட்டச் சொட்ட நிக்கறார். வெளிய வாங்கன்னேன்."

"என்ன சொன்னான்?"

"'என் கோட்டுதான் மாட்டியாச்சே, நான் எப்படி வர்றது'ன்னு கேக்கறார்."

கோட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ பிறந்த அன்னிக்கு," என்றார். "உங்கம்மாவுக்கு வலி எடுத்துட்டதுன்னு ஆள் வந்து சொன்னான். பதினேழாம் ஆணி காலி. தனியா வந்த ஆள் ஒருத்தன். உள்ளே போய்க் கூப்பிடணும். நான் போகலை. உபரியாக் கிடந்த கோட்டுல பதினேழுன்னு எழுதி மாட்டிட்டுப் பூட்டிட்டேன். கோட்டைத் திருடிட்டுப் போயிருப்பான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். காலையில திறந்தா உள்ளே யாரும் இல்லை. யாரும் தேடியும் வரலை. ஆனா நான் எழுதின கோட்டு நனைஞ்சிருந்தது."

மகள் ஆணியில் சொட்டிக்கொண்டிருந்த பதினேழைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு வளைவு வரை போனார். தண்ணீர், பாறை, அவ்வளவுதான். மூன்று முறை கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷம் பிந்திப் போன அழைப்பு. பதில் இல்லை. திரும்பி வந்து கேட்டைச் சாத்தினார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

நாலு எட்டு வைத்திருப்பார்கள்.

"வெளியே யாராவது இருக்கீங்களா?"

கேட்டுக்கு உள்ளேயிருந்து. நிதானமான குரல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் கிளம்பும் ஆளின் குரல்.

"கேட்டைப் பூட்டப் போறேன்."

மகள் வாய் திறந்தாள். அவர் பொத்தினார்.

இரண்டாம் முறை கேட்டது.

இன்றைக்குப் பதில் சொல்லாவிட்டால் நாளைக்கும் கூப்பிடும். நாளைக்கு இந்த ஸ்டூலில் உட்காரப் போவது அவள்.

மூன்றாம் முறை.

"இருக்கேன்ப்பா," என்றார் கோட்டுக்காரர். "நான்தான் இருக்கேன். இந்தப் பிள்ளை இல்லை."

உள்ளே பூட்டு விழுந்தாற்போல எதுவோ கிளிக்கென்றது. பிறகு அருவி மட்டும்.

இரவு அவர் தூங்கினார், ரொம்ப வருஷத்துக்கு அப்புறம். மறுநாள் காலை கொட்டகையைத் திறந்து சாவியை மகளிடம் ஒப்படைக்க அவளோடு வந்தார்.

பதினேழாம் ஆணிக் கோட்டு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. முதுகில் நம்பர் இல்லை, துடைத்தாற்போல வெறும் மஞ்சள்.

"விட்டுதுப்பா!" என்றாள் மகள். முகம் தெளிந்தது.

கொட்டகைக் கதவுக்குப் பின்னால் அவருடைய சொந்தக் கோட்டு தொங்கியது. வேலையாள் கோட்டு, அதற்கு என்றைக்கும் நம்பர் கிடையாது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மகள் திருப்பிப் பார்த்தாள். முதுகில் கறுப்புப் பெயிண்ட், இன்னும் காயவில்லை. பதினேழு. ஏழின் வால் கோணலாக இழுபட்டிருந்தது.

"இது உங்க கையெழுத்தாச்சேப்பா?" அவள் எடுக்கக் கை நீட்டினாள்.

"விடு," என்றார் அவர், ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டே. "எனக்குன்னுதான் மாட்டியிருக்கு."