பூட்டிய தொட்டிக்குள் பெண் நண்டு

காலை எட்டு மணி. ஆராய்ச்சிக்கூடத்தின் பூட்டிய அறைக்குள், தொட்டியில், ஓர் அரிய இனத்தின் கடைசிப் பெண் நண்டு மல்லாந்து கிடந்தது.

"நண்டு செத்ததுக்கெல்லாமா போலீஸ்?" என்று ஸ்டேஷனில் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கப்பல் வேலைக்குப் போன கணவனை எதிர்பார்த்துக் கண் பூத்துப்போனவள் அவள். துணையில்லாமல் ஓர் உயிர் போனதென்றால் அவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

"யாரோ விஷம் வெச்சிருக்காங்க," என்றார் இயக்குநர்.

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு, டாக்டரம்மாகிட்ட ஒண்ணு."

டாக்டரம்மாதான் முதலில் பார்த்தவள். நண்டுகளின் கால் நுனியில் துணுக்கெடுத்து, மரபணு அடையாளங்களை ஒப்பிட்டு, எது எந்த இனம் என்று சொல்பவள். "யாரும் தொடாதீங்க, விஷம் கையில ஒட்டிக்கும்," என்றாள். கண் சிவந்திருந்தது.

"பக்கத்து ரூம்ல?"

"வேற கடல்ல பிடிச்ச ஆண் நண்டு," என்றார் இயக்குநர். "வேற இனமா இருக்கலாம். சேர்க்கக் கூடாதுன்னு உத்தரவு."

"ஒரே இனம்தான் சார். அடையாளம் எல்லாம் ஒத்துப்போகுது," என்றாள் டாக்டரம்மா.

"இன்னும் ஒரு வருஷம் சரிபார்க்கணும்னு சொன்னேன்ல?"



இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டி நண்டைத் தூக்கினாள். கனமே இல்லை. மோந்து பார்த்தாள், நாற்றமும் இல்லை. திருப்பினாள். பின்பக்கம் பிளந்திருந்தது.

"சார், உங்களுக்கு ஆபீஸ் வேலைதான் தெரியும், ஏமாந்துட்டீங்க. ஆனா டாக்டரம்மா, நண்டே கதின்னு கிடக்கிற நீங்க, பாம்பு சட்டை மாதிரி அவ உரிச்சுப் போட்ட வெறும் மேலோட்டைப் பார்த்துட்டு செத்துப்போச்சுன்னா எவ நம்புவா? தொடாதீங்கன்னு சொன்னப்பவே மாட்டிக்கிட்டீங்க. எங்க அவ?"

"ஓடு கழண்டு உடம்பு மெத்துனு இருக்கிற கொஞ்ச நாள்தான் அவ ஆணோட சேர முடியும். அடுத்த தடவைக்கு இருப்பாளோ மாட்டாளோ. அவ செத்துட்டான்னு சொன்னாதான் தேட மாட்டீங்க."

"உங்க வேலை போயிடும்!" என்று கத்தினார் இயக்குநர்.

"போகட்டும் சார். அவ போகக் கூடாது."

பக்கத்து அறைத் தொட்டியின் கறுப்புத் துணியை இன்ஸ்பெக்டர் விலக்கினாள். ஆண் நண்டு அசையாமல் நின்றது. அதன் கால்களின் அணைப்பில், வயிற்றுக்கடியில், புது உடம்போடு அவள் இருந்தாள்.

"இவங்களை அரெஸ்ட் பண்ணுங்க!" என்றார் இயக்குநர்.

"கொலைன்னா பிணம் இல்ல. திருட்டுன்னா பொருள் உங்க கட்டடத்துலயே இருக்கு. எதுக்கு சார் அரெஸ்ட்? சேர்ந்தது சேர்ந்தாச்சு, கொஞ்ச நாள் விடுங்க."

இயக்குநர் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டிப் பக்கம் அவர் கை போகவில்லை.

இன்ஸ்பெக்டர் துணியை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்து கணவனுக்கு போன் போட்டாள். வழக்கம்போல லைன் கிடைக்கவில்லை. குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்.

"சீக்கிரம் வந்து சேருங்க. குரல் மட்டும் எனக்குப் போதல."