பெட்டிக்குள் போகாத மரம்

எங்கள் பள்ளி வாசலில் நின்ற ஓக் மரம் புயலில் சாய்ந்தபோது நகராட்சி லாரி வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. ஒரே ஒரு கட்டை மட்டும் மிஞ்சியது. அதன் மேல் மால்தே உட்கார்ந்திருந்தான்.

“எழுந்திருப்பா,” என்றார் லாரிக்காரர்.

“மாட்டேன்.”

“மழை கொட்டுது பாரு.”

“கொட்டட்டும்.”

மால்தே என் வகுப்புப் பையன். பேச்சு கொஞ்சம், பிடிவாதம் ஏராளம். லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மால்தே நனைந்த கால்சட்டையோடு அந்தக் கட்டையை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனான். அது வெடிக்காமல் இருக்க அவன் அம்மா இரண்டு முனைகளிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து, கொட்டகையில் காய வைத்தார்.

அப்போது நாங்கள் மூன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வந்த பிறகும் யாராவது அந்தக் கட்டையைப் பற்றிப் பேசாத வாரமே இல்லை. பின்னே? நாங்கள் எல்லோரும் ஏறி விளையாடிய மரம் ஆயிற்றே! ஆளுக்கு ஒரு துண்டு கேட்டோம். மால்தே தர மறுத்துவிட்டான்.

“கஞ்சப் பிசினாறி!” என்று ரூனே எல்லோர் எதிரிலும் கத்தினான். எனக்கும் கோபம்தான்.

மே மாதத்தில் ஒரு நாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மால்தே தனியாக நின்றுகொண்டிருந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

“என்னடா ஆச்சு?”

“நாங்க கிரீன்லாந்து போறோம், ஆஸ்தா. அம்மாவுக்கு அங்க ஆஸ்பத்திரியில வேலை. அடுத்த வாரமே கிளம்பணும்.”

“ஐயோ, ஜாலிதானே! நாய் வண்டி, பனி மலை…”

“அங்க மரமே இல்லையாம்.”

நான் என் சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“எனக்கு ஒரே ஒரு பெட்டிதான். கட்டை அதுக்குள்ள போகாது. விட்டுட்டு வான்னு அம்மா சொல்லிட்டாங்க,” என்று மூக்கை உறிஞ்சினான்.

என் அப்பா மரப் பொம்மை செய்கிறவர். அவர் பட்டறையில் கிடந்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. “மேஜை மேல ஒட்டுவாங்களே, வினீர்னு மெல்லிசா ஒரு மரத்தகடு, அந்த மாதிரி அறுத்துட்டா?”

“அறுத்தா மரம் போயிடுமே!”

“சீஸைத் துண்டு போட்டா சீஸ் போயிடுதா?”

“தின்னா போயிடும்.”

“மரத்தை யாருடா திங்கப் போறா!”

மால்தே சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். “கெடுத்துட மாட்டீங்களே?”

“சத்தியமா மாட்டோம்!” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்பா கட்டையைத் தடவிப் பார்த்தார். அவரிடம் பட்டை ரம்ப மெஷின்கள் இரண்டு உண்டு. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற நீளமான பிளேடு. பொம்மைகளை வளைத்து வளைத்து அறுப்பது சின்ன மெஷினில்தான். பெரிய மெஷினில் எங்கள் வீட்டு மழைக்கோட்டுகள் தொங்கின.

“சின்னதுல இவ்வளவு உயரக் கட்டை நுழையாது,” என்றார் அப்பா. “பெரியவரை எழுப்பிட வேண்டியதுதான்.”

கோட்டுகளை எடுத்துவிட்டு, இருந்ததிலேயே பொடிப் பல் உள்ள பிளேடை மாட்டினார். “மெல்லிசா வரணும்னா பல்லும் பொடிசா இருக்கணும்.” அவர் அதுவரை வினீர் அறுத்ததே இல்லை.

நாங்கள் இருவரும் தரையில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். கட்டை உள்ளே போனது. மெஷின் கீச்சென்று அலறியது. கருகல் வாடை வந்தது. பிளேடு ஒரு பக்கமாக வளைந்தது. கடைசியில் விழுந்த தகடு மேலே ரொட்டித் துண்டு மாதிரி தடிமனாகவும், கீழே காகிதம் மாதிரியும் இருந்தது. போதாக்குறைக்குக் குறுக்கே கறுப்பு வரிகள் வேறு.

“அடச்சே!” என்றார் அப்பா.

மால்தே அந்தக் கருகிய தகட்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

“இன்னும் பொடிப் பல்லா வாங்கிப் பார்க்கலாமா?” என்று அப்பா முணுமுணுத்தார்.

மெஷின் நின்றதும் நான் குனிந்து பிளேடைப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே மரத்தூள் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

“அப்பா! பேன் சீப்பு!”

மால்தே சட்டென்று தள்ளி நின்றான். “உனக்குப் பேனா?”

“இல்லடா லூசு! என் சுருட்டை முடியில அம்மா எடுத்ததும் பேன் சீப்பை விட்டா என்ன ஆகும்? அப்படியே மாட்டிக்கும். நான் கத்துற கத்துல தெருவே கூடிடும். முதல்ல அகலப் பல் சீப்புதான் போடணும். இங்கேயும் அதேதான்பா. பல்லு நெருக்கமா இருக்கு. தூள் வெளிய போக வழியே இல்ல.”

அப்பா பிளேடையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். “கிளம்பு, கடைக்குப் போவோம்.”

துறைமுகத்துப் பக்கம் இருந்த கடையில் சுவர் முழுக்க பிளேடுகள். கடைக்கார அம்மா கேட்டார்: “எந்த மாதிரி வேணும்?”

அப்பா என்னைப் பார்த்தார்.

“இருக்கறதுலயே கம்மியா பல் உள்ளது,” என்றேன்.

“அகலமானதாவும் குடுங்க,” என்றார் அப்பா. “குறுகல் பிளேடு வளைச்சு அறுக்கத்தான் சரி. இது உயர ஓக் கட்டையில நேரா போகணும்.”

“ஓக்கை உயரவாட்டுல அறுக்கப் போறீங்கன்னு முதல்லயே சொல்லக் கூடாதா?” என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பல் ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி இருந்தது. மால்தே அதைப் பார்த்துப் பயந்தே போனான்.

“இது மரத்தைக் கடிச்சுத் துப்பிடும் போல இருக்கே!”

“முதல்ல வேண்டாத கட்டையில பார்ப்போம்பா,” என்றேன். இந்த முறை சத்தியம் செய்யாமல் வாயை அடக்கிக்கொண்டேன்.

வேண்டாத கட்டை நேராக அறுபட்டது. மால்தேயின் கட்டையும் நேராகவே அறுபட்டது! அலறல் இல்லை, கருகல் இல்லை. தூள் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. மால்தே முதல் தகட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு,” என்றான். பிறகு சிரித்தான். “மரத்துல ஏறினப்பவும் இப்படித்தான் இருந்துச்சு.”

சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய அடுக்கே சேர்ந்துவிட்டது.

பள்ளியில் அவனுடைய கடைசி நாள். எங்கள் பள்ளி வழக்கப்படி ஊரை விட்டுப் போகிறவன்தான் கேக் கொண்டுவர வேண்டும். மால்தே கேக்கோடு அந்த அடுக்கையும் சணல் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தான். எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

“ரூனே, பென்சில் குடு.”

மால்தே அதை வாங்கி, அடுக்கின் பக்கவாட்டில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை சாய்வாக ஒரு கோடு இழுத்தான். பிறகு கயிற்றை அவிழ்த்து, ஆளுக்கு ஒரு தகடு கொடுக்க ஆரம்பித்தான்.

“எனக்குமா?” ரூனேயின் முகம் சிவந்துவிட்டது. “உன்னைக் கஞ்சன்னு சொன்னேனே?”

“ஆமா, ரொம்ப சத்தமா சொன்ன. பிடி.”

“இந்தக் கோடு எதுக்குடா?” என்று நான் கேட்டேன்.

“கோட்டுல ஒரு புள்ளி எல்லார்கிட்டயும் இருக்கு. நான் லீவுக்கு வரும்போது ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரணும். கோடு சேர்ற மாதிரி அடுக்கினா மரம் திரும்ப வந்துடும். ஒருத்தர் வராட்டியும் ஓட்டை விழுந்துடும்.”

“காய்ச்சல் அடிச்சாலும் வருவேன்!” என்று ரூனே தன் தகட்டை ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டான்.

“நீ எதை எடுத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

மால்தே தன் பையைத் தட்டிக் காட்டினான்.

“நட்ட நடுவுல இருந்ததை. நான் வராம உங்களால மரத்தை முழுசாக்க முடியாது.”