பனிக்குள் ஒரு சாம்பல் கோடு

கல்யாணசுந்தரத்தின் வீட்டுக் கதவை சாதிக் பாட்ஷா தட்டியபோது அரபு நாட்டுத் தபூக் நகரத்தில் பாதிப் பேர் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜபல் அல்-லவ்ஸ் மலையில் விடாமல் கொட்டிய பனி அன்று காலைதான் நின்றிருந்தது. செக்பாயின்ட் எப்போது திறக்கும், மேலே போய் எப்போது படம் எடுக்கலாம் என்று பிள்ளை குட்டிகளோடு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சாதிக்கின் பின்னால் நின்ற இளைஞனுக்கு அந்தக் குதூகலத்தில் பங்கில்லை.

"சார், இவன் அன்பரசன். முதுகுளத்தூர்ப் பக்கம். இவன் மச்சானைக் காணோம்," என்றார் சாதிக், செருப்பைக்கூட முழுதாகக் கழற்றாமல்.

கல்யாணசுந்தரம் இன்ஷூரன்ஸ் சர்வேயர். கவிழ்ந்த கிரேன் ஏன் கவிழ்ந்தது, எரிந்த லாரி தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று பார்த்துச் சொல்வது அவர் பிழைப்பு. தபூக் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் சாதிக், ஒருமுறை அவர் ஒரு டயரை மட்டும் பார்த்து டிரைவர் சொன்ன பொய்யைப் பிடித்ததைக் கண்டார். அன்றிலிருந்து ஊர்க்காரர்களின் சிக்கலையெல்லாம் அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது சாதிக்கின் வழக்கமாகிவிட்டது.

அன்பரசன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். சட்டைக்கு மேல் சட்டையாக இரண்டு போட்டிருந்தும் அவன் கையில் டீ கிளாஸ் ஆடியது.

"ஜாக்கெட் இல்லையா தம்பி?"

"துவைக்கப் போட்டிருக்கேன் சார்."

"சரி. சொல்லு."

"மச்சான் பேரு ராக்கப்பன். எங்க அக்கா நாகவள்ளியோட வீட்டுக்காரர். நாந்தான் இங்க கூட்டியாந்தேன். மலை மேல டவர் போடுற சைட்ல வாட்ச்மேன். பனி விழுறதுக்கு மொத நாளே ஆளு ஓடிட்டாருன்னு ஃபோர்மேன் சொல்றாரு. ஹுரூப் குடுத்துட்டாங்க."

ஹுரூப் என்பது வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று கம்பெனி கொடுக்கும் புகார். அது விழுந்துவிட்டால் அப்புறம் அந்த ஆளைக் காணோமே என்று யாரும் தேடமாட்டார்கள். கண்ணில் பட்டால் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

"நீ என்ன வேலை?"

"அதே கம்பெனியில டிரைவர் சார். ஆனா அன்னைக்கு நான் மேல போகலை. வண்டி கராஜ்ல நின்னுச்சு."

"போன் பண்ணிப் பார்த்தியா?"

"மேல சிக்னல் கிடையாது. அதுக்குத்தான சார் டவரே போடுறாங்க."

சாதிக்குக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. "ஜித்தாவுக்குப் போற காய்கறி லாரி அந்த வழியாத்தான் இறங்கும் சார். ஏறிப் போயிருப்பான். அங்க நம்ம பயலுக நிறையப் பேரு இருக்கானுக. ரெண்டு போன் போட்டா ஆளைப் பிடிச்சிடலாம்."

அன்பரசன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எழுந்து வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

"சார், மேல பனி எப்ப கரையும்?"

"வெயில் வந்தா ரெண்டு மூணு நாள்ல ரோடு திறந்துடும். நிழல்ல கிடக்கிறது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்."

அவன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். கல்யாணசுந்தரம் ஜன்னல் அருகே நின்று, தெருமுனை திரும்பும் வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதிக் ஜித்தாவுக்கு இரண்டு போன் அல்ல, இருபது போன் போட்டார். ராக்கப்பனைப் பார்த்தவர் யாருமில்லை. ஊரிலிருந்து நாகவள்ளி தினமும் அவரை அழைத்தாள். "ஊர்ல என்னென்னமோ பேசுறாகண்ணே. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல," என்பதைத் தவிர அவளுக்கும் சொல்ல வேறு எதுவும் இல்லை.

வெயில் வந்தது. சாலை திறந்த அன்று, மெஷின்களுக்கு என்ன சேதம் என்று பார்க்க வேண்டும் என்ற சாக்கில் கல்யாணசுந்தரம் ஃபோர்மேன் விஜயபாஸ்கரோடு மேலே போக ஏற்பாடு செய்துகொண்டார். கம்பெனி வண்டியை அன்பரசன் ஓட்டினான். சாதிக்கின் பிக்கப் பின்னால் போனது.

மலை முழுவதும் தண்ணீர் ஓடும் சத்தம். பாறை இடுக்குகளிலிருந்தும் சாலையோரத்திலிருந்தும் செம்மண் கலந்த நீர் வழிந்துகொண்டே இருந்தது. கீழ் வளைவுகளில் பையன்கள் மிச்சப் பனியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். கார் டிக்கியைத் திறந்து ஒருவர் டீ விற்றார். மேலே போகப் போக ஆள் அரவம் குறைந்து, கடைசியில் டவரின் பாதி எழும்பிய இரும்பும் இரண்டு கேபின்களும் மட்டும் நின்றன.

விஜயபாஸ்கர் கோயம்புத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். தன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து முதல் கேபினின் பூட்டைத் திறந்தார். உள்ளே டீசல் கேன்கள், ஹீட்டர், கேபிள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"பாருங்க சார். ஒண்ணும் சேதமில்லைங்க."

இரண்டாவது கேபின் ஆள் தங்குவது. கட்டிலின் பலகைகளைக் காணவில்லை, சட்டம் மட்டும் நின்றது. வாசலில் குறுக்கே வெட்டிய எண்ணெய் டின் ஒன்று உள்ளே கரி பிடித்துக் கிடந்தது.

"லேபர் பசங்க சமைப்பாங்க," என்றார் விஜயபாஸ்கர்.

கல்யாணசுந்தரம் கேபினின் பின்புறம் போனார். அங்கே வெயில் படாத மூலையில் பனி இன்னும் திட்டாகக் குவிந்திருந்தது. கூரையிலிருந்து ஒழுகிய நீர் அதன் ஒரு பக்கத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் அரித்திருந்தது.

"பாய், இங்க வாங்க. என்ன தெரியுது?"

சாதிக் குனிந்து பார்த்தார். அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை. அதன் மேல் விரல் கனத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. அதற்கும் மேல் ஒரு சாண் வெள்ளை. கறுப்பைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்தார்.

"சாம்பல் சார்."

"ஆமா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்யாணசுந்தரம் நிமிர்ந்தார்.

அன்பரசன் யாரும் சொல்லாமலே கிழக்குச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். ரோட்டுக்குப் போகும் குறுக்குப் பாதை அது. சாதிக் அவன் பின்னாலேயே ஓடினார். பாதி தூரத்தில் அவனைத் தாண்டினார். ஒரு பாறையின் மறைவில் நீல நிறம் தெரிந்தது.

ராக்கப்பன் கால்களை மடக்கி, ஒரு பக்கமாகப் படுத்திருந்தான். சுற்றிலும் பாறைகள் நனைந்து பளபளத்தன. ஒரு கை அளவு பனிகூட அங்கே மிச்சமில்லை. ஆனால் அவன் உடம்புக்கு அடியில் மட்டும், அவன் கிடந்த வடிவத்திலேயே, உறைந்த பனி கெட்டியாக இருந்தது. கால்களில் கப்பூஸ் ரொட்டி வரும் நீலப் பைகளைச் சுற்றி ஒயரால் கட்டியிருந்தான். உடம்பில் கனமான ஜாக்கெட். அதன் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்து, மணிக்கட்டு வெளியே தெரிந்தது.

சாதிக் வாய்க்குள் ஓதிக்கொண்டார். அன்பரசன் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அழவில்லை. ஜாக்கெட்டையே பார்த்தான்.

செக்பாயின்ட்டுக்கு இறங்கிப் போய்ப் போலீசிடம் சொல்லிவிட்டு சாதிக் திரும்பி வந்தபோது மூவரும் அந்த இரண்டாவது கேபினுக்குள் இருந்தார்கள். விஜயபாஸ்கர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"பாவங்க. ஓடறப்போ வழி தவறி விழுந்திருக்கான். மொத நாளே போயிட்டான்னு நான் சொன்னேனில்லைங்களா?"

"அவன் பனிக்கு முன்னால போகலை," என்றார் கல்யாணசுந்தரம். குரலில் கோபமில்லை. சேதக் கணக்கு சொல்கிற அதே குரல்தான். "முன்னாலயே விழுந்திருந்தா, தரையில கிடந்திருப்பான். பனி அவன் மேல விழுந்திருக்கும். அவனுக்கு அடியில பனி இருக்கு. பனி கொட்டின பிறகு அதுமேல படுத்திருக்கான். வெயில் எல்லாத்தையும் கரைச்சுது. அவன் உடம்பு மறைச்ச இடத்தை மட்டும் கரைக்க முடியலை."

அவர் காலியான கட்டில் சட்டத்தைக் காட்டினார்.

"வறண்ட மலையில நடக்கிறவன் காலுக்கு எதுக்குப் பிளாஸ்டிக் பை கட்டறான்? இந்தக் கட்டில் பலகை எங்கே? பின்பக்கம் பனிக்கு நடுவுல சாம்பல் இருக்கு. அதுக்குக் கீழே முழங்கால் உயரப் பனி. அவ்வளவு கொட்டின பிறகும் இங்க ஒருத்தன் படுக்கையை உடைச்சு எரிச்சுக் குளிர் காஞ்சிருக்கான். பக்கத்து கேபின்ல ஹீட்டர் இருக்கு, கேன் நிறைய டீசல் இருக்கு. பூட்டின சாவி உங்க பாக்கெட்ல இருந்தது."

"அடப் பாவி மனுஷா," என்றார் சாதிக் மெதுவாக.

"சாமான் காணாமப் போனா என் தலையிலதாங்க விழும்." விஜயபாஸ்கர் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். "மலைக்குப் போகாதீங்கன்னு கவர்மென்ட் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. மீறித்தான் வேலை நடத்துனோம். பனி ஆரம்பிச்சதும் எல்லாரும் இறங்கினோம். காவலுக்கு ஒரு ஆள் இருக்கட்டும், காலைல வண்டி அனுப்பறேன்னு சொன்னேன். சாவியைக் குடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். கீழ போய்ப் பார்த்தா என்கிட்டயே இருக்குது. காலைல ரோட்டை மூடிட்டாங்க. சொன்னா எல்லாரும் ஜெயிலுக்குப் போவோமேன்னு..."

"அதனால ஓடிட்டான்னு புகார் குடுத்துட்டீங்க."

சாதிக் கொதித்துப் போய் எழுந்தார். "இவரைப் போலீஸ்ல ஒப்படைக்கணும் சார். நாகவள்ளிப் புள்ளைக்கு அப்பவாவது..."

"உட்காருங்க பாய். இன்னும் முடியலை." கல்யாணசுந்தரம் அன்பரசன் பக்கம் திரும்பினார். அவர் அதைச் சொல்லத் தயங்கியதை சாதிக் முதல் முறையாகப் பார்த்தார். "எல்லாரும் இறங்கின வண்டியை ஓட்டினது நீதானே தம்பி?"

கேபின் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ஜாக்கெட் உன்னுது. அவனுக்குக் கை எட்டலை. உனக்குச் சரியா இருக்கும். இந்தக் குளிர்ல டிரைவர் ஒருத்தன் ரெண்டு சட்டையோட நடுங்கிட்டு வந்தப்பவே எனக்கு இடிச்சுது. இன்னொண்ணு. மச்சான் ஜித்தாவுக்கு ஓடிட்டான்னா லாரி எப்ப போகும், எங்க தேடலாம்னு கேப்பாங்க. நீ பனி எப்ப கரையும்னு கேட்ட."

"நாந்தான் ஓட்டுனேன்," என்றான் அன்பரசன். "கிளம்புறப்ப ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்தேன். 'நீ போடா மாப்ள, காலைல வாடா'ன்னு சிரிச்சாரு. காலைல போனேன் சார். செக்பாயின்ட்ல நிப்பாட்டிட்டாங்க. மேல யாரும் இருக்காங்களான்னு போலீஸ்காரரே கேட்டாரு. எனக்கு ஒரு டீ குடுத்துக் கேட்டாரு. மாஃபின்னு சொன்னேன். யாரும் இல்லைன்னு சொன்னேன். ஃபோர்மேன் பக்கத்துல உக்காந்திருந்தாரு. ஹீட்டர் இருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு அவரு சொன்னதை நான் நம்பிக்கிட்டேன். நம்புனா நல்லாருக்கும்னு நம்புனேன்."

"அப்புறம் ஏண்டா எங்கிட்ட வந்தே?" என்றார் சாதிக்.

"என் வாயால சொல்ல முடியலை பாய். சார் கண்டுபிடிச்சிருவாருன்னீங்க. அவரே கண்டுபிடிச்சிட்டா நான் சொல்ல வேண்டியதில்லையேன்னு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா?" சாதிக் கல்யாணசுந்தரத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் குனிந்து வாசலில் கிடந்த கரி பிடித்த டின்னைப் பார்த்தார். சாதிக் இன்னொரு முறை கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் வைக்க இரண்டு பேர் தூக்கியபோது ராக்கப்பனின் விலாவிலிருந்து பனி பிரியாமல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. விஜயபாஸ்கரையும் அன்பரசனையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். ஹுரூப்பை நீக்கிவிடுவார்கள், உடலை ஊருக்கு அனுப்ப அது போதும் என்று கல்யாணசுந்தரம் அதிகாரியிடம் பேசித் தெரிந்துகொண்டார். அந்த நாளில் கிடைத்த நல்ல சேதி அது ஒன்றுதான்.

செக்பாயின்ட்டில் மறுபடி சிக்னல் வந்ததும் சாதிக்கின் போன் அடித்தது. நாகவள்ளி.

சாதிக் சுற்றி வளைக்கவில்லை. சொல்லிவிட்டார்.

"ஓடிப் போகலையில்லண்ணே?"

"இல்லம்மா. ஓடலை. காவலுக்குத்தான் இருந்திருக்காரு."

"எனக்குத் தெரியும்." அப்புறம் அவள் குரல் தடுமாறி, ஒன்றைப் பற்றிக்கொண்டது. "தம்பி அங்கதான இருக்கான்? அன்புட்ட போனைக் குடுங்கண்ணே. அவன் கூட இருக்கான்ற தைரியத்துலதான் நான் அவரை அனுப்புனேன். அவன் எப்படித் தாங்குவான்? நான் பேசணும்ண்ணே, குடுங்க."

போலீஸ் வண்டி பக்கத்தில்தான் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அன்பரசன் போனையே பார்த்தான். யார் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வண்டி நகர்ந்தது.

"அண்ணே? இருக்கீகளா?"

சாதிக் போனை நீட்டினார். கல்யாணசுந்தரம் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் கல்யாணசுந்தரம் பேசறேன்," என்றார்.