வெள்ளச்சி திரும்பி வந்த பக்கம்

"வந்துருச்சு. கயித்த அறுத்துக்கிட்டு நடந்தே வந்துருச்சு. நான் படிச்சேன்."

"புளுகாதடி. அது எங்க வந்துச்சு? டெம்போ டிரைவர முட்டிக் கீழ தள்ளிப்போட்டு, அதே வண்டிய ஓட்டிக்கிட்டு..."

"ஆடு எங்கயாச்சும் டெம்போ ஓட்டுமாடா?"

"என்ற ஏட்டுல ஓட்டுச்சு. உன்ற ஏட்டுல நடந்துச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"டீச்சர், இவனப் பாருங்க..."

"டீச்சர், இவ கடைசிப் பக்கம் படிக்கவே இல்லீங்க..."

இரண்டு பேரும் தங்கள் ஏடுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சம்பூர்ணம் டீச்சரின் மேசைக்கு ஓடிவந்து நின்றார்கள். பெண் பெயர் நறுமுகை. பையன் முகுந்தன். ஒரே வகுப்பு. இருவருக்கும் அந்த வாரம் கொடுத்த கதையும் ஒன்றுதான். செல்லி என்கிற சிறுமி வளர்த்த வெள்ளச்சி என்ற ஆட்டை அவள் அப்பா சந்தையில் விற்றுவிடுகிறார். அவ்வளவு சின்னக் கதை.

சம்பூர்ணத்துக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. திருப்பூரின் ஓரத்தில், மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் குடோனில் நடக்கிற வாசிப்பறை அது. முன்பெல்லாம் அங்கே பிள்ளைகள் மின்விசிறிக்கு அடியில் யார் உட்காருவது என்றுதான் சண்டை போடுவார்கள். இப்போது ஒரு கதைக்காக முடியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் பட்ட பாடு வீணாகவில்லை. அதிலும் நறுமுகை. அம்மா இறந்த பிறகு ஒரு வருஷம் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. எழுத்தைக் காட்டினால் சுவரைப் பார்ப்பாள். அவளை வாசிக்க வைத்தது இந்த நெகிழேடுதான்.

நெகிழேடு வந்த பிறகு காகிதத்தில் எதையும் அச்சடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வாழையிலைபோல் மெல்லிய ஒற்றைத் தாள். ஓரம் முழுக்கக் கடுகளவு விழியுணரிகள். படிப்பவரின் கண் எங்கே தடுக்குகிறது, எங்கே விலகப் பார்க்கிறது என்று அவை கவனித்துக்கொண்டே இருக்கும். 'அங்காடி' என்ற சொல்லில் கண் இடறினால், இமைக்கிற நேரத்தில் அது 'கடை' என்று மாறிவிடும். படிக்கத் திணறிய பெரியவர்கள்கூட இதைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். ரேஷன் கடை அறிவிப்பிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை எல்லாம் இதில்தான். பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று வீட்டுக்கு வீடு நடந்த சண்டைகள்கூட ஓய்ந்துபோயின. எந்தச் சித்தப்பா பிரித்தாலும் அவர் பெயர்தான் முதலில் நின்றது. நல்ல மரியாதை தெரிந்த ஏடு என்று சொல்லிக்கொண்டார்கள். அதைத் தாண்டி யாரும் யோசிக்கவில்லை.

இந்த ஏட்டைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது எழுத்தோடை அறக்கட்டளை. அதன் நிறுவனர் சென்னியப்பன். சின்ன வயதில் அவர் வீட்டில் ஒரே ஒரு பாடப்புத்தகம். அண்ணன் பிடித்துக்கொண்டு படிக்க, இவர் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே எழுத்துக் கற்றுக்கொண்டவர். ஆகவே எழுத்தோடையின் முதல் விதி: ஒரு குழந்தைக்கு ஓர் ஏடு. பங்கு போட்டுப் படிக்கும் கேவலம் என் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்று மேடைக்கு மேடை சொல்வார். இரண்டாவது விதி: எந்தக் குழந்தையும் ஏட்டைப் பாதியில் கீழே வைக்கக் கூடாது. அதைக் கண்காணிக்கச் சுவரில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு விளக்கு இருந்தது. பாதியில் வைத்தால் விளக்கு அணையும். நகரத்து அலுவலகத்திலும் அது தெரியும். சம்பூர்ணத்தின் அறையில் வெகுநாளாக ஒரு விளக்கும் அணைந்ததில்லை.

சரி, யார் முழுசாகப் படிக்கவில்லை என்று பார்த்துவிடுவோம் என்று சம்பூர்ணம் நறுமுகையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து ஏட்டைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் வெள்ளச்சி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. டீச்சரின் கண்ணும் அதன்மேல் விழுந்ததும் வரிகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல அசைந்தன. எழுத்துகள் கலைந்து கூடின. பிறகு அசைவு நின்றது. வாசல் இருந்தது. ஆடு இல்லை.

நறுமுகை ஏட்டைத் திருப்பிப் பார்த்தாள், ஆடு பின்பக்கம் போயிருக்குமோ என்பதுபோல. பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"நீங்க பாத்தீங்க," என்றாள். "ஆடு போயிருச்சு."

சம்பூர்ணம் சென்னியப்பனைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். அப்படி இருக்காது என்றவர், ஏடு செய்யும் பொறியாளர்களைக் கேட்டுவிட்டு மாலையில் தானே கூப்பிட்டார். விஷயம் இதுதான். ஏட்டுக்குள் இருக்கும் கருவிக்கு எழுத்தோடை கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: குழந்தை கீழே வைக்கக் கூடாது. சொல் கடினமாக இருந்தால் மட்டுமா பிள்ளைகள் ஏட்டை வைக்கிறார்கள்? துக்கம் வந்தால் வைப்பார்கள். சலிப்பு வந்தாலும் வைப்பார்கள். ஆகவே அது தானாகவே கதையையும் வளைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரே ஏட்டை இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் யாருக்காக வளைவது என்று அதற்குத் தெரியாது. மூலக்கதையில் போய் நின்றுவிடும். ஒரு குழந்தைக்கு ஓர் ஏடு என்று இருந்ததால் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

இதைச் சொல்லும்போது சென்னியப்பனின் குரலில் அதிர்ச்சி இருந்தது. ஆனால் வருத்தம் இல்லை.

"படிக்குதுங்கல்லங்க டீச்சர்? அதானுங்க நமக்கு வேணும். ஆடு வந்தா வந்துட்டுப் போகட்டும்."

"அவ மனசுல இருக்கறத அவளே படிச்சுக்கறாளுங்க, சார். அதுக்குக் கதை எதுக்குங்க?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். நெகிழேடு வருமுன் இதே அறையில் எத்தனை பிள்ளைகள் இரண்டாம் பக்கத்தைத் தாண்டினார்கள் என்று கேட்டார். அந்தப் பெண் குழந்தையின் அம்மா போனது உங்களுக்குத் தெரியும்தானே, அவளுக்கு ஓர் ஆடாவது திரும்பி வரட்டுமே என்றார். சம்பூர்ணமோ ஏட்டை வளையாமல் பூட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு இரண்டு பேராகவாவது உட்கார வையுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அறங்காவலர் கூட்டத்தில் வேண்டுமானால் வைக்கிறேன், எழுதி அனுப்புங்கள் என்று சென்னியப்பன் பேச்சை முடிக்கப் பார்த்தார். தொலைபேசியை வைக்கும் முன்பு ஒன்று சொன்னார்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் ரெண்டு புள்ளைங்கள ஒரே ஏட்டுல உக்கார வெக்க மாட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மறுநாள் சம்பூர்ணம் விதியை மீறினார். நறுமுகையையும் முகுந்தனையும் தலையோடு தலை முட்ட உட்காரவைத்து ஓர் ஏட்டைக் கொடுத்தார். நிஜக் கதை என்ன என்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள் என்றார்.

நிஜக் கதையில் ஆடு டெம்போவும் ஓட்டவில்லை, கயிற்றையும் அறுக்கவில்லை. விற்றார்கள், ஏற்றினார்கள், போய்விட்டது. இதென்ன கதை என்று முகுந்தன் முணுமுணுத்தான். நறுமுகை அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று ஆட்டைத் தேடிப் பார்த்தாள். பிறகு ஏட்டைக் குப்புறக் கவிழ்த்துப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சுவரில் அவள் விளக்கு அணைந்தது. இன்னும் மூன்றில் ஒரு பங்கு கதை பாக்கி இருந்தது.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. சம்பூர்ணம் அவள் வீட்டுக்கே போனார். பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரான அப்பா, பாப்பா மறுபடி பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்லிவிட்டு, எதற்காக அவளை அடித்தீர்கள் என்பதுபோல டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது. வாயைத் திறந்த பிள்ளை. அதை மூடியது நான்தானே. சென்னியப்பன் சொன்னதுதான் சரியோ? ஓர் ஆடு வாசலில் நின்று கத்துவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாரம் திரும்பி முதல் நாள் அவர் நறுமுகைக்கென்று ஓர் ஏட்டைத் தனியாக எடுத்து வைத்தார். இனி அவள் விருப்பம்போலத் தனியே படிக்கட்டும், நான் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டார். நறுமுகை வந்தாள். தனக்கு வைத்திருந்த ஏட்டைத் தொடவில்லை. மேசைக்கு எதிரே நின்றுகொண்டு தன் கால் விரலைப் பார்த்தாள்.

"ஆடு போனதுக்கப்பறம் அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு?"

"உன்ற ஏட்டுல பாரு, கண்ணு."

"அதுல வேண்டாங்க. அதுல ஆடு வந்துரும்." திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். "முகுந்தா, வாடா."

இருவரும் மறுபடி ஓர் ஏட்டின்மேல் குனிந்தார்கள். இந்த முறை வாசிப்பு நத்தையாக நகர்ந்தது. ஏடு யாருக்கும் வளையவில்லை. சொற்கள் கல்லாகக் கிடந்தன. வெள்ளச்சியைக் கட்டிய இடத்தில் 'தாம்புக்கயிறு' கிடந்தது என்று ஒரு வரி. நறுமுகை 'தா' என்று நின்றாள். முகுந்தன் தாம்பூலம் என்று அடித்துவிட்டான். ஆடு கட்டுற எடத்துல எதுக்குடா தாம்பூலம், இங்க பாரு அடுத்து 'பு', அதுக்கப்பறம் 'க்' என்று விரலை வைத்து அவனை இழுத்தாள். பிடித்துப் பிடித்து அந்தச் சொல்லை இருவருமாக உடைத்தார்கள். செல்லி அந்தக் கயிற்றைச் சுருட்டிக் கூரையில் செருகினாள். வாங்கி வைத்திருந்த அகத்திக் கீரையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். அதன் மேல் கோபமாகவே போட்டாள். அங்கே கதை முடிந்தது.

நறுமுகை அழுதாள். ஆனால் ஏட்டைக் கீழே வைக்கவில்லை. திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனாள். கோபமாகப் போட்டாள் என்ற இடம் தனக்குப் பிடித்திருக்கிறது என்று முகுந்தனிடம் ரகசியமாகச் சொன்னது சம்பூர்ணத்தின் காதிலும் விழுந்தது.

அன்றே சம்பூர்ணம் அறங்காவலர்களுக்கு எழுதி அனுப்பினார். நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். விதியை மீறியதையும், அணைந்த விளக்கையும், பிள்ளை வராத நாட்களையும், தாம்புக்கயிற்றையும் எழுதினார். கூட்டம் நடக்கும் நாளும் தெரிந்தது. மறுத்துவிட்டால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதென்று மனதுக்குள் முடிவு செய்துவைத்திருந்தார். ஆனால் தான் போய்விட்டால் இந்த இரண்டு பேரையும் மறுபடி ஆளுக்கோர் ஏட்டோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதுதான் அவரைத் தின்றது.

தீர்மானம் ஒரு பிற்பகலில் வந்தது. அலுவலகத்தார் எல்லோருக்கும் கொடுத்திருப்பதுபோல டீச்சருக்கும் ஒரு நெகிழேடு உண்டு, அதில்தான் வந்தது. பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் மேசையில் ஏட்டை விரித்தார். முதல் வரியில் 'பரிசீலனைக்குப் பின் வருத்தத்துடன்' என்று ஏதோ தொடங்கியதுபோல் இருந்தது. கண்ணை மூடித் திறந்து மறுபடி படித்தார். இப்போது தெளிவாகவே இருந்தது. கோரிக்கை முழுமையாக ஏற்கப்படுகிறது. எல்லா வாசிப்பறைகளிலும் கதைகள் பூட்டப்படும். இனி இரண்டு குழந்தைகளுக்கு ஓர் ஏடு. சென்னியப்பனே முன்மொழிந்திருந்தார். அலுவலக பாஷையே இல்லை. தானே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இந்தச் சொற்களைத்தான் போட்டிருப்போம் என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது. உங்கள் மனம் நோகப் பேசிவிட்டேன் என்றுகூடக் கடைசியில் ஒரு வரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டார். நாம் ஜெயித்துவிட்டோம் என்றார். வரி வரியாக உரக்கப் படித்தும் காட்டினார். முகுந்தன் கை தட்டினான். அவன் தட்டியதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் தட்டினார்கள்.

நறுமுகை மட்டும் தட்டவில்லை. எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு டீச்சரின் நாற்காலிப் பக்கம் வந்தாள். சம்பூர்ணத்தின் கை தன்னையறியாமல் ஏட்டின்மேல் படிந்தது.

"சித்த நவுந்து உக்காருங்க டீச்சர். நானும் சேந்து பாக்கறேன்."